ஆண் நின்றால்தான் நிற்கும் பஸ்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்கு உள்ளே போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். எம்.ஏ. வரலாறு கடைசிப் பருவத் தேர்வன்று, பிரெஞ்சுப் புரட்சியையும் ரஷ்யப் புரட்சியையும் ஒப்பிட்டுப் பத்துப் பக்கம் எழுதும் தெம்போடு எட்டு மணிக்கே சாலைக்கு வந்துவிட்டேன். கண்டாச்சிபுரத்திலிருந்து காணை வழியாக விழுப்புரம் போகும் டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பத்து மணிக்குத் தேர்வு. அரைமணி தாண்டினால் உள்ளே விடமாட்டார்கள்.

எட்டேகாலுக்கு பஸ் வந்தது. நிறுத்தத்தில் பெண்கள் ஒன்பது பேர் இருந்தோம். பெண்களுக்கு டிக்கெட் இலவசமான பிறகு, பெண்கள் மட்டும் நிற்கும் இடங்களில் சில ஓட்டுநர்களுக்குக் கண் மங்கிவிடுகிறது. பஸ் வேகமெடுத்துப் போய்விட்டது.

நான்கு பருவம் படித்த படிப்பு எனக்குள் பொங்கியது. "பாரிஸ்ல ரொட்டி இல்லன்னு பொம்பளைங்கதான் ரோட்டுக்கு வந்தாங்க. அடுத்த பஸ்ஸ நாம மறிப்போம்" என்றேன்.

சித்தாள் வேலைக்குப் போக நின்றிருந்த என் சின்னம்மா, "அப்புறம் இன்னா ஆச்சு அவங்களுக்கு?" என்றாள்.

"ராஜாவையே ஊருக்குள்ள இட்டுக்கினு வந்துட்டாங்க."

"ராஜாவ வெச்சிக்கினு இன்னாடி பண்றது? பஸ்ஸு வந்தா போதும். மறிச்சா போலீசு வரும். உன் பரிட்சை போயிடும். மேஸ்திரி எனக்குப் பதிலா வேற ஆளப் போட்டுடுவான்."

ஏற்றத்தாழ்வு முற்றினால் புரட்சி வெடிக்கும் என்று பாடத்தில் இருந்தது. மேஸ்திரியைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஒன்பது மணி பஸ் தூரத்தில் தெரிந்ததும் சின்னம்மா எதிர் டீக்கடையைப் பார்த்துக் கத்தினாள். "யோவ் மாமா, வந்து நில்லுய்யா!"

இது எங்கள் நிறுத்தத்து வழக்கம். எனக்கு அறவே பிடிக்காத வழக்கம். பெண்கள் புளியமரத்துக்குப் பின்னால் ஒதுங்குவோம். ஓர் ஆண் முன்னால் நின்று கை காட்டுவார். அன்று அந்த மாமா கடைக்கு வரவே தாமதமாகியிருந்தது.

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டே வந்தார். "நான் இல்லன்னா உங்க கதி இன்னா?"

"டீ வாங்கித் தர்றது யாரு? பேசாம கைய நீட்டு."

பஸ் அவருக்காக மரியாதையாக நின்றது. மரத்துக்குப் பின்னாலிருந்து பாய்ந்து ஏறினோம். அவர் டீ ஆறிவிடும் என்று திரும்பிப் போய்விட்டார். "தெனமும் இதே பேஜாரு" என்று ஓட்டுநர் முனகினார். எனக்கு ஜன்னலோரச் சீட்டே கிடைத்தது.

அடுத்த நிறுத்தத்தில் நான்கு பெண்கள் கை காட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள். அவர்களிடம் ஆண் இல்லை. ஒருத்தி என் வகுப்பிலேயே படிப்பவள். நெஞ்சோடு பரீட்சை அட்டையை அணைத்திருந்தாள். பஸ் வேகம் குறையவில்லை. நிறுத்தச் சொல்ல வாயைத் திறந்தேன். மணி பார்த்தேன். மூடிக்கொண்டேன். சின்னம்மா என்னைப் பார்த்தாள்.

புரட்சிக்கு சமூக ஏற்றத்தாழ்வே காரணமா என்பதுதான் முதல் கேள்வி. வெள்ளமாக எழுதினேன். கதவைச் சாத்தப்போகும் நேரத்தில், யாருடைய பைக்கிலோ தொற்றிக்கொண்டு வந்த அவள் மூச்சிரைக்க உள்ளே நுழைந்தாள்.

தேர்வு முடிந்ததும் கேட்டாள்: "அந்த ஒம்போது மணி பஸ்ஸுலயா வந்த?"

"இல்லடி, அதுக்கு முந்தின பஸ்ஸு" என்றேன்.

அந்தத் தாளில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் எனக்குத்தான்.