இஸ்திரி அக்கா கடற்கரைக்கு வந்த நாள்

எங்கள் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவளை எல்லோரும் இஸ்திரி அக்கா என்றுதான் கூப்பிடுவோம். விடுதிகளிலிருந்து வரும் விரிப்பும் சட்டையும் அவள் கையைத் தாண்டித்தான் என் மேசைக்கு வரும். நான் மடித்து அடுக்குவேன். எனக்கு அதிகம் பேச வராது, அவளுக்குப் பேசாமல் இருக்க வராது. அதனால் அவள் கதை முழுக்க எனக்குத் தெரியும்.

அவள் புருஷன் எங்கள் வண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர். வேறு ஊரில் வேலை பார்த்து, வீடு பிடித்ததும் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நாள் போன் வந்தது. அப்புறம் அந்த எண்ணே இல்லை என்று சொல்லிற்று. அவரைப் பற்றி யாராவது ஒரு சொல் தப்பாகச் சொன்னால் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். விட்டுப்போன சட்டைகளை அவ்வப்போது எடுத்து மறுபடி இஸ்திரி போட்டு மாட்டிவைப்பாள்.

வருஷத்தில் ஒரு நாள் கொதிகலனைத் திறந்து சுத்தம் செய்வார்கள். அன்று வேலை இல்லை. முதலாளி வண்டியைக் கொடுத்து எங்காவது போய்வரச் சொல்வார். இந்த முறை கறுப்பு மணல் கடற்கரைக்குப் போகலாம் என்று டிரைவர் அண்ணன் சொன்னார். பிறகு அக்காவின் மேசைக்கு வந்து குரலைத் தணித்தார்.

"உங்க வீட்டுக்காரர் மாதிரியே ஒருத்தரை அங்க பார்த்தேன்க்கா. அலைமேல நின்னு போறாங்களே, அந்தப் பலகையை வாடகைக்கு விடுறார்."

போகிற அன்று அக்கா புது உடுப்பில் வந்தாள். துவைக்கிற பெரியம்மா விடவில்லை.

"என்னடி, பொண்ணு பார்க்க வர்றாங்களா?"

"ஆமா. உனக்கும் ஒரு மாப்பிள்ளை பார்த்து வச்சிருக்கேன், பல்லு மட்டும் இல்ல."

வண்டியே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும், "திரும்பும்போது ஒரு ஆள் கூட வருவார். யாரும் காலை நீட்டிப் படுத்துக்காதீங்க" என்றாள்.

அந்தக் கடற்கரையில் யாருக்கும் அவசரமில்லை. நிழலில் நாய்கள் மல்லாந்து தூங்கின. அலைக்காகத் தண்ணீரில் காத்திருந்தவர்கள்கூடப் பலகைமேல் உட்கார்ந்து அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். அடுப்புக்கரியை அரைத்துக் கொட்டியதுபோல மணல். செருப்பைத் தாண்டிச் சுட்டது.

"இதுல உட்கார்ந்தா அந்தக் கறையை யாரு எடுக்கிறது?" என்றாள் பெரியம்மா.

"நீதான்" என்று எல்லோரும் சேர்ந்து சொன்னோம்.

அக்கா என் முழங்கையைப் பிடித்தாள். "நீ வா. நீதான் வாயைத் திறக்க மாட்டே."

பலகைக் கொட்டகை கடைசியில் இருந்தது. வாசலில் ஒரு பெண் பலகைக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பாயில் ஒரு குழந்தை தூங்கியது.

"பலகை வேணுமாக்கா? அவர் தண்ணியில ஒருத்தருக்குச் சொல்லிக்கொடுத்துட்டு இருக்கார். இப்ப வந்துடுவார்."

அக்கா கொட்டகைக்குப் பக்கவாட்டில் கட்டியிருந்த கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். ஆண் சட்டைகளும் குழந்தைச் சட்டைகளும் தலைகீழாகத் தொங்கின. பக்கத் தையலின்மேல் கிளிப். சட்டைக் கைகள் இரண்டும் முதுகுப்பக்கம் சேர்ந்து ஒரே கிளிப்பில். இப்படிப் போட்டால் துணியில் தடம் விழாது, இஸ்திரிக்குப் பாதி வேலை மிச்சம். இது அக்காவாகக் கண்டுபிடித்த வழி. எங்கள் கூடத்துக்கு வெளியே நான் எங்கும் பார்த்ததில்லை.

ஒரே ஒரு சின்ன கவுன் மட்டும் தோளில் கிளிப் போட்டுத் தொங்கியது. அக்கா போய் அதைக் கழற்றித் திருப்பி மாட்டினாள்.

அந்தப் பெண் சிரித்தாள். "அது நான் போட்டதுக்கா. அவர் பார்த்தா சண்டைக்கு வருவார். உங்களுக்கும் இந்த முறை தெரியுமா?"

"அவருக்கு யாரு சொல்லிக்கொடுத்தாங்க?"

"அவங்க அம்மாவாம்."

அக்கா கவுனின் ஓரத்தை நீவிவிட்டாள். "நல்லாச் சொல்லிக்கொடுத்திருக்காங்க" என்றாள்.

தண்ணீரில் ஒரு ஆள் பலகைமேல் எழுந்து நின்றார். தூரம்தான். ஆனாலும் மூட்டை சுமந்து ஒரு பக்கம் இறங்கிப்போன அந்தத் தோள் எனக்கே தெரிந்தது. அவர் கரையை நோக்கி வர ஆரம்பித்தார். அக்கா, "பலகை வேணாம்மா, சும்மா பார்க்கத்தான் வந்தோம்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். குழந்தை எழுந்து தண்ணீர்ப்பக்கம் ஓடிற்று.

வண்டியில் டிரைவர் அண்ணன் கேட்டார். "பார்த்தீங்களாக்கா?"

"அது வேற யாரோண்ணே."

அவர் என்னைப் பார்த்தார். ஆமாம், வேறு யாரோதான் என்று நான் தலையாட்டினேன். பெரியம்மா எதையோ புரிந்துகொண்டு அக்காவுக்கு ஜன்னலோர இடத்தை விட்டாள்.

வெகுதூரம் வந்தபிறகு எல்லோரும் தூங்கிவிட்டார்கள். அக்கா ஜன்னலைப் பார்த்தபடி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அவருக்கு அம்மா முகமே தெரியாது. கைக்குழந்தையா இருக்கும்போதே செத்துட்டாங்க."

 அவள் கையைப் பிடிக்கலாம் என்று பார்த்தேன். இரண்டு கைகளையும் அவள் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்திருந்தாள்.