அம்மாவுக்கு ஒரு சாப்பாட்டு மேசை

அம்மாவால் தரையில் உட்கார முடியாமல் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. குன்னம் பக்கத்துக் காடுகளில் மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் களையெடுத்தே தேய்ந்த முழங்கால்கள். அண்ணன் கூடத்தில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் எங்களுக்குச் சோறு. நானும் அண்ணியும் சமையலறைத் தரையில் உட்காருவோம். அம்மா அடுப்பு மேடையில் தட்டை வைத்து, நின்றபடியே சாப்பிடுவாள். ஒருநாள் கால் நடுங்கி மேடையைப் பிடித்துக்கொண்டவள், பாதிச் சோற்றோடு தட்டைக் கழுவப் போட்டுவிட்டாள்.

அன்றே அண்ணனிடம் மேசை வேண்டும் என்றேன்.

"டேபிள் போட்டுத் திங்க நாம என்ன கலெக்டர் குடும்பமா? காலம் பூராம் தரையிலதான உக்காந்தோம்?"

"ரெண்டு வருசமா அம்மா உக்காரலையே" என்றேன்.

டவுனிலிருந்து ஓர் ஆசாரியை நானே வரவழைத்தேன். கூடத்தைப் பார்த்தவர், "வூட்ல ஆம்பளைங்க இருந்தா வரச் சொல்லுங்க. அளவெல்லாம் அவங்ககிட்ட பேசிக்கிறேன்" என்றார்.

"மேசை கேக்குறது நாந்தாங்க."

"அதுக்கில்லம்மா…" என்று டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

காற்றில் சாய்ந்த வேப்பமரத்தின் பலகைகள் கொட்டகையில் ஒரு வருடமாகக் காய்ந்து கிடந்தன. அம்மா நட்ட மரம். யாரிடமும் கேட்கவில்லை. அரியலூரில் ஆபீஸ் முடிந்து வரும்போது ரம்பமும், பலகையைச் சீவ இழைப்புளியும் வாங்கி வந்தேன். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் வைத்தே அறுத்தேன். உள்ளே ஒளிந்து செய்ய இது என்ன திருட்டு வேலையா?

தெருவில் போன ஒருத்தி நின்று கேட்டாள்: "என்னடி, ஒன் கல்யாணச் சீரா?"

"சீர்தாங்க. எங்கம்மாவுக்கு."

முதல் இரண்டு கால்களும் கோணலாகப் போயின. மூன்றாவதை அறுக்கும்போது பலகை நழுவிக்கொண்டே இருந்தது. அண்ணி வந்து அதன் மேல் ஏறி உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் வந்தாள். நாலு காலும் பூட்டியபோது மேசை ஆடியது. ஒரு காலைக் குறைத்தால் இன்னொன்று தூக்கியது. குறைத்துக் குறைத்து, நினைத்ததைவிட மூன்று விரற்கடை குட்டையாகத்தான் நின்றது. ஆனால் ஆடாமல் நின்றது.

நானும் அண்ணியும் கூடத்துக்குத் தூக்கி வந்தோம். அண்ணன் வழிமறித்தான்.

"கொட்டாயிலயே போடு. நாலு பேரு வந்தா என்ன நெனப்பாங்க?"

"நாலு பேரு வந்தா அவங்களுக்கும் எடம் இருக்கு. நகரு."

அவன் நகரவில்லை. அதுவரை அண்ணனை ஒரு சொல் எதிர்த்துப் பேசாத அம்மா, பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவன் பின்னால் வந்து நின்றாள்.

"வழிய வுடுடா. எனக்குப் பசிக்குது."

விட்டான். அம்மா உட்கார்ந்து, பலகையைக் கையால் தடவிப் பார்த்தாள். "இங்கன சொரசொரன்னு இருக்கு, இன்னும் கொஞ்சம் தேய்க்கணும்" என்றாள். பிறகு அண்ணியைப் பார்த்து, "நீ ஏன் நிக்கிற? உக்காரு" என்றாள்.

அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தான். இன்றுவரை அங்கேதான் சாப்பிடுகிறான். நாங்கள் மூவரும் அதே நேரத்தில் மேசையில் சாப்பிடுகிறோம். குழம்பு வேண்டுமென்றால் அவனே எழுந்து வந்து ஊற்றிக்கொள்கிறான்.