நாலாவது ஓரம்

சலவைக்கடையின் பின்னறையில் தையல் மெஷின் முன் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாளுக்குக் கடையில் அரையங்குலம் என்று பெயர். கால்சட்டையின் நீளத்தைக் குறைக்கச் சொல்லி யார் கொடுத்தாலும் ஒட்ட வெட்டிவிட மாட்டாள். அரை அங்குலத்தைக் கூடுதலாக உள்ளே மடித்து வைத்துத்தான் தைப்பாள்.

"நாளைக்கே வளர்ந்துட்டா பிரிச்சு விட்டுக்கலாம்ல" என்பாள்.

கால்சட்டைக்காரர் அறுபது வயதைத் தாண்டியவராக இருந்தாலும் அதே மடிப்புதான். "இவரு இனிமே எந்தப் பக்கமா வளரப் போறாரு?" என்று ஒருநாள் கேட்ட இஸ்திரிக்காரர்தான் அந்தப் பெயரையும் வைத்தார்.

அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. பிள்ளை இல்லை. கணவர் இறந்து பதினோரு வருடம் ஆகிறது. மூன்றாம் மாடியில் ஒரு படுக்கையறையும் சமையலறையும். படுக்கையறையில் பாதியை இரட்டைக் கட்டில் அடைத்திருந்தது. சுவர்ப் பக்கம்தான் அவள் எப்போதும் படுப்பது. இத்தனை வருடத்திலும் நடுவில் நகர்ந்து படுக்க அவளுக்குத் தோன்றியதில்லை. மறுபாதியில் மடித்த துணிகளும் பழைய செய்தித்தாளும் மூக்குக் கண்ணாடிக் கூடும் படுத்திருந்தன.

வெளியூரில் மகன் வீட்டில் பேரனைப் பார்த்துக்கொண்டிருந்த அவளுடைய அக்கா ஒருநாள் போனில் சொன்னாள்: "இவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சதும் அங்கேயே வந்துடறேன்டி. ரெண்டே வருஷம். அந்தக் கட்டில்ல எனக்கும் இடம் வை."

அன்று மாலையே கட்டிலின் மறுபாதி காலியாகிவிட்டது. இரண்டு பேரும் சேர்ந்து போர்த்திக்கொள்ள ஒரு பெரிய ஒட்டுத்துணிப் போர்வை தைப்பது என்றும் அன்றுதான் தீர்மானித்தாள். துணிக்குப் பஞ்சமில்லை. குட்டையாக்கிய சட்டைக் கைகள், பாவாடைக் கரைகள், திரைச்சீலை ஓரங்கள் என்று வெட்டி எடுத்தவை ஒரு மூட்டை நிறையச் சேர்ந்திருந்தன.

எப்படித் தைப்பது என்பதில்தான் அவளுக்குத் தடுமாற்றம். மெஷினில் சதுரம் சதுரமாக ஓட்டினால் பத்து நாள் வேலை. இன்னொரு முறை உண்டு. சலவைக்கு வந்த ஒரு போர்வையின் கிழிசலைத் தைக்கும்போது உள்பக்கம் பார்த்துக் கற்றுக்கொண்டது. மெல்லிய அட்டையை ஆறு மூலை வைத்துச் சிறிதாக வெட்டிக்கொள்ள வேண்டும். அதைவிடச் சற்றுப் பெரிய துணியை அதன்மேல் வைத்து, ஓரங்களைப் பின்னால் மடித்து, நூலோட்டிப் பிடிக்க வேண்டும். அப்படி மூடிய துண்டுகளைப் பக்கத்தோடு பக்கம் வைத்துக் கையால் தைத்துச் சேர்க்க வேண்டும். ஒரு துண்டின் ஆறு பக்கமும் சேர்ந்த பிறகுதான் உள்ளே இருக்கும் அட்டையை உருவலாம். முன்னதாக உருவினால் மடிப்பு குலைந்துபோகும். அந்தப் பக்கத்தில் அடுத்ததைச் சேர்க்க முடியாது.

கணக்குப் போட்டுப் பார்த்தாள். மூவாயிரத்து நூறு துண்டு. ஒரு மாலைக்கு ஐந்து என்றால், உடம்புக்கு முடியாத நாட்களைக் கழித்து, இரண்டு வருடம்.

"மெஷினைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு யாராவது கையால தைப்பாங்களா?" என்றார் இஸ்திரிக்காரர். "நடந்தே ஊருக்குப் போறேன்னு சொல்ற மாதிரி இருக்கு."

"நடக்கறவங்களுக்கு அவசரம் இல்லேண்ணே."

"கால் வலிக்குமே."

அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகப் பட்டது. மறுநாள் வேலை முடிந்ததும் மெஷினில் தைத்துப் பார்த்தாள். அரை மணி நேரத்தில் பன்னிரண்டு சதுரம் சேர்ந்து நின்றது. அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதே வேகத்தில் போனால் பத்து நாளில் போர்வை மடித்து அலமாரிக்குள் போய்விடும். அதற்கப்புறம் எழுநூறு மாலைகள் சும்மா கிடக்கும். சுவரைப் பார்த்து எத்தனை நாள் உட்கார்வது? பன்னிரண்டு சதுரத்தையும் பிரித்தாள்.

சலவை செய்த சட்டைகளை மடிக்கும்போது உள்ளே வைக்கும் அட்டைகளில் மடங்கிப்போனவற்றை வீட்டுக்கு எடுத்துப்போக முதலாளி சரி என்றார். அவற்றை வெட்டத் தொடங்கினாள். முதல் மாதமே ஒரு தப்பு நடந்தது. ஒரே அட்டையை அச்சாக வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் வரைந்திருக்க வேண்டும். அவளோ கைக்குக் கிடைத்த அட்டையை வைத்து அடுத்ததை வரைந்தாள், அதை வைத்து அதற்கடுத்ததை. ஒவ்வொரு முறையும் பென்சில் கோட்டின் தடிமன் அளவுக்கு அட்டை பெரிதாகிக்கொண்டே போனது. நூற்றைம்பது துண்டு தைத்த பிறகு மூலைகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் துணி மேடு கட்டியது.

"அரையங்குலத்துக்கே அளவு தப்பிடுச்சா?" என்று சொல்லிச் சொல்லி இரண்டு நாள் சிரித்தார் இஸ்திரிக்காரர்.

அவளும் கூடச் சிரித்தாள். பிரித்துத் தைக்க ஒரு மாதம் ஆகும் என்பது அவளுக்கு அவ்வளவு கஷ்டமாக இல்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.

கட்டிலின் சுவர்ப் பக்கத்திலிருந்து போர்வை வளர்ந்தது. உள்ளே மாட்டியிருந்த அட்டைகள் விடுபட்டதும் அவற்றுக்கே புதுத் துணி போர்த்தி ஓரத்தில் சேர்ப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா கூப்பிடுவாள்.

"எது வரைக்கும் வந்திருக்குடி?"

"என் முழங்கை தாண்டியாச்சு."

"என் பக்கம் எப்போ வரும்?"

"நீ வரதுக்குள்ள வந்துடும்."

பதினாறு மாதம் இப்படிப் போனது. இரண்டாயிரம் துண்டு ஆயிற்று. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா போர்வையைப் பற்றிக் கேட்கவில்லை. உடம்பு, மழை என்று ஏதேதோ பேசிவிட்டுச் சொன்னாள்.

"மருமக மறுபடியும் உண்டாகியிருக்காடி."

"நல்ல விஷயம்தானே அக்கா."

"நல்ல விஷயம்தான். அவ வேலையை விட முடியாது. இதையும் நான்தான் பார்க்கணும்னு பையன் கேக்கறான். எப்படி முடியாதுன்னு சொல்றது?"

"சொல்ல முடியாதுதான்."

"இன்னும் நாலஞ்சு வருஷம் ஆயிடும். போர்வை எவ்வளவு வந்திருக்கு?"

"ஒரு ஆள் போர்த்திக்கற அளவு வந்திருக்கு."

"அப்போ அதோட நிறுத்திக்கோடி. இன்னும் ஆயிரத்துச் சொச்சம் தைச்சு எதுக்குக் கண்ணைக் கெடுத்துக்கறே? ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டு ஆள் போர்வை?"

"ஆமா" என்றாள்.

அந்த வாரம் முழுக்க ஊசியைத் தொடவில்லை. மாலைகளில் வானொலியைப் போடுவாள், அணைப்பாள். அடுத்த ஞாயிறு போர்வையைக் கட்டிலில் விரித்துப் பார்த்தாள். அக்கா சொன்னது சரிதான். தலைமாடு, கால்மாடு, சுவர்ப் பக்கம் மூன்று ஓரத்திலும் அட்டைகளை உருவினாள். அடித்துணி வைத்து மடித்துத் தைத்தாள். நாலாவது ஓரத்துக்கு வந்தாள். காலியாகக் கிடந்த பாதியின் பக்கம். அந்த வரிசையில் ஐம்பத்திரண்டு அட்டைகள். முதல் அட்டையின் நுனியை விரலால் பிடித்தவள் அப்படியே விட்டுவிட்டாள். அந்தப் பக்கத்தில் மட்டும் அடித்துணியைத் தைக்காமல் தொங்கவிட்டாள்.

"முடிச்சாச்சா?" என்று திங்கட்கிழமை இஸ்திரிக்காரர் கேட்டார்.

"மூணு பக்கம் முடிச்சாச்சுண்ணே."

"நாலாவது பக்கம்?"

"அட்டை உள்ளேயே இருக்கு. அது இருக்கற வரைக்கும் அடுத்ததைச் சேர்த்துக்கலாம்."

அவர் வாயில் ஏதோ ஒரு கேலி வந்திருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்தார். அடுத்த சட்டையை விரித்துத் தண்ணீர் தெளித்தார்.

விடுமுறை நாளின் மதியத்தில் அவள் அந்தப் போர்வையைப் போர்த்திக்கொண்டு கொஞ்சம் கண்ணயர்வாள். அசையும்போது நாலாவது ஓரத்தில் அட்டைகள் உரசிச் சரசரக்கும். பக்கத்தில் யாரோ புரண்டு படுப்பது போல இருக்கும். அரைத் தூக்கத்தில், அந்தப் பக்கம் இடம் போதாதென்று, சுவரை ஒட்டி இன்னும் கொஞ்சம் நகர்ந்துகொள்வாள்.