அந்துவானின் கோப்புறையை நீக்கிவிட்டேன்

ரெட்டியார்பாளையத்தில் அலுவலகத்தில் உட்கார்ந்து, அந்துவான் சார் அனுப்ப வேண்டிய சோதனை முடிவுக்காக மின்னஞ்சலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். எரிச்சலில் இருந்தேன். கைப்பேசி அடித்தது. அவர் மனைவி ரெஜின் அக்கா. "தம்பி, அவரு போய்ட்டாரு. கோரிமேட்டு ஆஸ்பத்திரிலேந்து வூட்டுக்கு எடுத்துனு போறோம்" என்றார். சிறுநீரகம் கெட்டுப் பல மாதமாக ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருந்தவர்தான். இருந்தும், கைப்பேசியை வைத்த பிறகும் ஒருமுறை மின்னஞ்சலைத் திறந்து பார்த்தேன்.

இதைப் படிக்கும் பலர் எங்கள் நிரல் நூலகத்தில் அவரோடு வேலை செய்தவர்கள். மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: எண் எவ்வளவு நீண்டாலும் ஓர் இலக்கம்கூடப் பிசகாமல் கூட்டிப் பெருக்கித் தரும் நூலகம் அது. சம்பளம் இல்லாத வேலை. எந்தக் கணினியிலும் ஓடும் பொது நிரல் ஒன்று உண்டு, மெதுவானது. வேகம் வேண்டுமென்றால் ஒவ்வொரு செயலிக்கும், அதாவது கணினிக்குள் கணக்குப் போடும் ஒவ்வொரு வகைச் சில்லுக்கும், அதன் சொந்த மொழியில் தனியாக எழுத வேண்டும்.

நான் சேர்ந்தபோது அவையெல்லாம் ஒரே கோப்பில், 'இந்தச் செயலியானால் இது, அந்தச் செயலியானால் அது' என்று பின்னிக் கிடந்தன. நானும் என் பங்குக்கு நாலு நிபந்தனை சேர்த்தேன். முத்தியால்பேட்டையில் அவர் வீட்டு மாடியில் வைத்து அதைத் திருப்பிக் கொடுத்தார். "இன்னா முசே, இது ஃபைலா, சண்டே மார்க்கெட்டா? சட்டை வாங்க வந்தவன் சட்டிக் கடையில நிக்கிறான்." கேலியோ கோபமோ வந்தால் அவருக்கு எல்லோரும் முசேதான், பிரெஞ்சில் 'ஐயா'.

"ஓடுதுல்ல சார், அப்புறம் இன்னா?" என்றேன்.

"ஓடுறது உன் மெஷின்ல."

பிறகு அவரே உட்கார்ந்து பிரித்தார். செயலிக்கு ஒரு கோப்புறை. அதில் பொது நிரலைவிட வேகமானது மட்டும் இருக்கும். இல்லாததை நூலகம் பொதுக் கோப்புறையிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஒவ்வொன்றிலும் நிரலின் முதல் வரியில், அந்த எந்திரத்தை வைத்திருந்து அதில் சோதித்துப் பார்ப்பவரின் பெயர். "மெஷின் இல்லன்னா பேரு இல்ல. பேரு இல்லன்னா ஃபோல்டர் இல்ல" என்பார்.

கடலூர்க்காரர் ஒருவரின் எந்திரம் எரிந்துபோனது. "கோடு நல்லாத்தான சார் இருக்குது, கெடக்கட்டுமே" என்று தன் நிரலுக்காகக் கெஞ்சினார். "டெஸ்ட் பண்ணாத கோடு தப்பு பண்ணா, அதையும் வேகமா பண்ணும்பா" என்று சொல்லி அந்துவான் நீக்கினார். அந்த மனிதர் அதோடு எங்களிடம் பேசுவதை விட்டுவிட்டார். அநியாயம் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்துவானின் சொந்தக் கோப்புறை, உற்பத்தி நின்றுபோன ஒரு பழைய செயலிக்கானது. காயலான் கடையில் வாங்கிய எந்திரம். அதன் பெருக்கலை வருடக்கணக்கில் இழைத்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது, "நான் போனா என் ஃபோல்டரையும் எடுத்துடு. மரியாதைக்குன்னு வச்சிக்கினு இருக்காத" என்றார்.

"மெஷின் இருக்குதுல்ல சார், நான் ஓட்டுறேன்."

சிரித்தார். "அது எனக்கே மொறைக்கும் முசே. உனக்குக் கெளம்பாது."

கிளம்பவில்லை. அடக்கம் முடிந்து மாடிக்குப் போய்ப் பொத்தானை அழுத்தினேன். விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. பழுது பார்ப்பவர்கள் வந்து பார்த்துக் கைவிரித்தார்கள். குழுவுக்கு எழுதிக் கேட்டேன். அந்த வகை எந்திரம் வேறு யாரிடமும் இல்லை. அக்கா வாசற்படியில் நின்று, "சரியாயிடுமா தம்பி?" என்றார். "இல்லக்கா" என்றேன். வேறு என்ன சொல்ல?

நீக்கினேன். சோதனைகள் எல்லாம் சரியாக வந்தன. ஒன்றுகூட அவரைத் தேடவில்லை. அவர் பெயர் இப்போது நூலகத்தில் எங்கும் இல்லை. கோப்புறைகளை இப்படி அடுக்கியதே அவர்தான். ஆனால் அந்த அடுக்குக்கு, பெயர் எழுத முதல் வரி என்று ஒன்று கிடையாது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த விதி ஒன்றுதான். அது ஆறுதல் தரவில்லை. வேறொரு கோப்புறையின் முதல் வரியில் என் பெயர் இருக்கிறது. என் எந்திரமும் இப்போதெல்லாம் முறைக்கிறது. அது நின்றுபோகும் அன்றைக்கு, உங்களில் யாராவது என்னுடையதையும் எடுத்துவிடுங்கள். மரியாதைக்கு வைத்திருக்க வேண்டாம்.