இடக்கையால் எழுதிய பெட்டிசம்

ஹஜ்ஜுக்குப் போகிறவர் எங்கள் பக்கத்தில் புறப்படுமுன் வீடு வீடாகப் போய், பிழை பொறுக்கச் சொல்லிப் பொருத்தம் கேட்பார். “அறிஞ்சும் அறியாமலும் செஞ்ச பிழையெல்லாம் பொருந்திக்கங்க” என்பார். “பொருந்திட்டம், போய் வாங்க” என்பார் வீட்டுக்காரர். தேத்தண்ணி வரும். குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடப்பார். என்ன பிழை என்று எவரும் கேட்பதில்லை, எவரும் சொல்வதுமில்லை. அந்த வசதியை நம்பித்தான், எண்பதுகளின் தொடக்கத்தில், சவூதியில் வேலை செய்த என் தம்பி பயணத்துக்கு ஒழுங்கு செய்தபோது, நானும் வெள்ளைச் சாரனும் தொப்பியுமாகக் கல்முனைத் தெருவில் இறங்கினேன். ஊர் முழுக்கச் சிரித்த முகத்தோடு பொருந்தியது. மிஞ்சியது ஒரே ஒரு வீடு.

அது மாஸ்டருடைய வீடு. அவரும் நானும் ஒரே பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்தவர்கள். முஸ்லிம் பாடசாலை, அவர் ஒருவர்தான் அங்கே வேதக்காரர், கிறிஸ்தவர். அவரிடம் அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலப் புத்தகம் இருந்தது. சில நூறு வருடங்களுக்கு முன் ஐரோப்பாவில் வாழ்ந்த ஒரு கிறிஸ்தவ பண்டிதர் தன் மனச்சாட்சியோடு மல்லுக்கட்டி எழுதிய சிந்தனைகள் அவை. முன்பக்கங்களைக் கறையான் தின்றிருந்ததால் பண்டிதரின் பெயர் எங்களுக்குக் கடைசிவரை தெரியாது. இடைவேளைகளில் வேப்பமரத்தின் கீழ் இருப்போம். மாஸ்டர் வாசிப்பார், நான் வம்புக்கு இழுப்பேன். எனக்கு வாய் எப்போதும் கொஞ்சம் நீளம்.

ஒரு பக்கம் மட்டும் என்னை விடவேயில்லை. பாவங்களை மொத்தமாகக் கட்டி இறைவன் முன் வைக்கிறவன் தன்னையே ஏய்க்கிறான் என்று பண்டிதர் எழுதியிருந்தார். மனிதனுக்குச் செய்த தீங்கை அந்த மனிதன் முகத்தைப் பார்த்து, இன்னது செய்தேன் என்று சொல்லவேண்டும்; இறைவனிடம் போவது அதற்குப் பிறகுதான். தானும் ஒரு சிநேகிதனைப் பற்றிப் பிரபுவிடம் கோள் மூட்டி அவன் பிழைப்பைக் கெடுத்ததாகவும், அவன் சாகும்வரை அதைச் சொல்லவில்லை என்றும் அந்த மனிதர் ஒப்புக்கொண்டிருந்தார்.

“எங்கட மௌலவியும் இதத்தான் சொல்றாரு. மனிசன்ட ஹக்க, அவனுக்குச் செஞ்ச அநியாயத்த, அந்த மனிசன்தான் பொருந்தணுமாம். மறுகாதான் அல்லாஹ்” என்றேன்.

“அப்ப உங்கட மௌலவியும் எங்கட பண்டிதரும் ஒரே வாங்கில இருந்து படிச்சவங்க போல” என்றார் மாஸ்டர். இரண்டு பேரும் சிரித்தோம்.

பிறகு உப அதிபர் பதவி காலியானது. அவருக்குச் சேவைக்காலம் கூட, எனக்கு ஆசை கூட. ஒரு பின்னேரம் கதவைச் சாத்திக்கொண்டு, எழுத்துப் பிடிபடாமலிருக்க இடக்கையால், பெயர் போடாமல், கல்விக் கந்தோருக்கு ஒரு மொட்டைப் பெட்டிசம் எழுதினேன். இன்னார் முஸ்லிம் பிள்ளைகளுக்கு வேதம் படிப்பிக்கிறார், சாட்சிக்கு அவருடைய மேசை லாச்சியில் புத்தகம் இருக்கிறது என்று எழுதினேன். அந்தப் புத்தகத்தை ஒரு பிள்ளையும் தொட்டதில்லை. தொட்டவன் நான்தான். வெட்கங்கெட்ட வேலை, இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

கந்தோரிலிருந்து ஆட்கள் வந்தார்கள், லாச்சியைத் திறந்தார்கள். தூரத்துப் பதுளை மலையில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு மாஸ்டரை மாற்றினார்கள். அவர் அங்கே இருந்தபோது இங்கே அவருடைய தாய் இறந்துபோனார். தந்தி கிடைத்து, பஸ் மாறி மாறி அவர் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. அந்த அடக்கத்துக்கு உப அதிபர் என்ற முறையில் நான் போயிருந்தேன். மகன் போடவேண்டிய மண்ணில் ஒரு பிடியை நானும் போட்டேன்.

அன்றிலிருந்து, தொழுகைக்கு வுழூச் செய்யும்போது இடக்கையைக் கழுவும் முறை வந்தால், பண்டிதரின் அந்தப் பக்கம் மாஸ்டரின் குரலில் என் காதில் கேட்கும். நாளுக்கு ஐந்து தடவை. பள்ளிவாசல் குழாயை இறுக்கிப் பூட்டினாலும் கேட்கும்.

மூன்று வருடம் கழித்து மாஸ்டர் மாற்றலாகித் திரும்பிவந்தார். பயணத்துக்கு முதல்நாள் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன்.

“வாங்க ஹாஜியார்.”

“இன்னும் போகல்ல, அதுக்குள்ள ஹாஜியாரா?” என்று கதிரையில் இருந்தேன். “மாஸ்டர், உங்களுக்கு நான் ஒரு பிழை…”

“பொருந்திட்டன். உங்களுக்கும் எனக்கும் இடையில என்ன இரிக்கி?”

“இல்ல மாஸ்டர், கேளுங்க.”

“நீங்க கேளுங்க முதல்ல” என்றார். “அங்க போனா எனக்காக ஆண்டவனிட்ட ஒரு துஆ கேக்கணும். அந்தப் பெட்டிசம் எழுதினவன் ஆரெண்டு எனக்குக் கடைசிவரைக்கும் தெரியப்படாது. தெரிஞ்சா என்னால பொருந்த ஏலாது, அம்மாட முகம் வந்து நிண்டுரும். பண்டிதர் சொன்ன மாதிரி அவன் வந்து முகத்துக்கு நேரே சொல்லிருவானோ எண்டுதான் எனக்குப் பயம். சொல்லாம இரிக்கோணும் எண்டு நான் ஒவ்வொரு நாளும் செபிக்கிறன்.”

தேத்தண்ணியை வைத்துவிட்டு அவர் மனைவி உள்ளே போனார். நான் குடித்தேன். “இன்ஷா அல்லாஹ், கேக்கிறன்” என்றேன்.

கஃபாவின் முன் நின்றபோது என் பிழையைப் பொறுக்கச் சொல்லிக் கேட்க நாக்கு எழவில்லை. மாஸ்டருடைய துஆவைக் கேட்டேன். தேம்பித் தேம்பி அழுது கேட்டேன். பக்கத்தில் நின்ற எந்த நாட்டுக்காரரோ ஒரு முதியவர், இவன் எவ்வளவு பக்தியுள்ளவன் என்று நினைத்தாரோ என்னவோ, என் முதுகைத் தடவிவிட்டார். என் வாழ்நாளில் வேறெதையும் அவ்வளவு மனதாரக் கேட்டதில்லை.

எண்பதுகளின் கடைசியில் மாஸ்டர் இறந்தார். எழுதியவன் யாரென்று தெரியாமலே இறந்தார். நான் கேட்ட துஆக்களில் அது ஒன்றுதான் இறைவனிடம் கபூலானது.