லாபிர் நானாவின் எஞ்சினுக்கு ஏற்ற சல்லடை

பொனட்டைத் திறந்து, தலையை உள்ளே விட்டுக்கொண்டு, "ஸுபைதா, மிதிங்க!" என்று கத்துகிறார் லாபிர் நானா. சாரதி ஆசனத்தில் இருக்கும் அவர் மனைவி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எக்சிலேட்டரை மிதிக்கிறார். சிவப்பு எம்.ஜி. கார் உறுமுகிறது. மாத்தளைக் கடைத்தெரு முழுவதும் அதைக் கேட்க வேண்டும் என்பது நானாவின் விருப்பம். கேட்டே ஆகவேண்டும் என்பது எங்கள் தலைவிதி.

நானா மிளகு, மிளகாய், ஏலக்காய் வாங்கி விற்பவர். இருவர் நெருங்கி உட்காரும் இந்த ஸ்போர்ட்ஸ் காரை, சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் வாங்கினார். மழை பிடித்தால் குடை முதலில் காருக்கு, பிறகுதான் அவருக்கு. வியாபாரிக்கு எதற்கு இது என்று கேட்டால் முகம் சுண்டிவிடும். "மூட்டை ஏத்த லொறி இருக்கு. இது என்னைய ஏத்த!"

இந்த வருடம் ரிவர்ஸ்டன் மலையேற்றக் கார்ப் போட்டிக்குப் பெயர் கொடுத்தார். இதுவரை தோட்டத்துத் துரைமார் மட்டும் ஓடிய போட்டி. மிளகாய்க் கடைக்காரன் உச்சிக்கு வந்து சேருவானா என்று அவர்கள் சிரித்ததாகக் காதில் விழுந்ததிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. எஞ்சினுக்குக் காற்றுப் போதாது என்று முடிவுகட்டி, கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போய், காற்றை உள்ளிழுக்கும் சாமான் இரண்டு விதமாகக் கொண்டுவந்தார். ஒன்று, திறந்த வாயுள்ள பித்தளைக் குழல் சோடி. பளபளப்பும் முழக்கமும் கல்யாண வீடுதான். மற்றது, கம்பி வலைக்குள் கம்பளி பொதிந்த தகர வட்டம்; அழகுமில்லை, சத்தமுமில்லை, புழுதியை மட்டும் மறிக்குமாம். இறக்குமதி நின்றுபோன இந்தக் காலத்தில் புழுதி புகுந்து எஞ்சின் தேய்ந்தால் மாற்றுச் சாமான் கிடைக்காது. கார் அத்தோடு கோழிக்கூடுதான்.

ஆனாலும் மனம் குழலைத்தான் கேட்டது. அதைப் பூட்டி, களஞ்சிய வாசலிலேயே எஞ்சினை முறுக்கினார். உள்ளே மிளகாய் இடித்துக்கொண்டிருந்தார்கள். பறந்த தூளையெல்லாம் குழல்கள் ஆசையாக இழுத்தன. பின்னால் வந்த புகைக்குத் தெருவே தும்மியது, பக்கத்துக் கடையில் இருந்த நானும்தான்.

"ஒங்கட வாகனம் கறி ஆக்குதா?" என்றார் ஸுபைதா, கண்ணைக் கசக்கிக்கொண்டே.

நானா சிரிக்கவில்லை. மிளகாய் போன வழியில், ரிவர்ஸ்டனுக்கு ஏறும் ரத்தோட்டைப் பாதையின் புழுதியும் போகுமே! கார்பரேட்டரைத் துடைத்து முடித்ததும், புதுச் சல்லடை வாங்கும்போது கடையில் செய்வதையே செய்தார். தகர வட்டத்தை வெள்ளைத் துணிக்கு மேல் பிடித்து, நைசான மிளகாய்த் தூளைக் கொட்டித் தட்டினார். துணி சிவக்கவில்லை. பிறகு மறுபக்கம் வாயை வைத்து ஊதினார். தூள் மேலே பறந்து, இறங்கி அவர் மூக்கிலேயே ஏறியது. "காத்துப் போகுது, தூள் போகல்ல! இதுதாங்க சரக்கு!" என்றார், கண்ணீர் வழிய.

போட்டியன்று மலைப்பாதையில் புழுதி அடங்கவேயில்லை. நானா இரண்டாவதாக வந்தார். எங்கள் தெருக் கார், ஒன்றைத் தவிர மற்றத் தோட்டத்துக் கார்களையெல்லாம் பின்தள்ளிவிட்டு உச்சியில் நின்றதைப் பார்த்து எனக்குப் பெருமை தாங்கவில்லை. முதலாவதாக வந்த, ஒரு தோட்டத்துச் சின்னத்துரையின் காரில் அதே மாதிரிப் பித்தளைக் குழல்கள் மின்னின. புழுதி தின்ற எஞ்சின் பின்னால் நீலப்புகை கக்கிக்கொண்டிருந்தது.

"முதல் இடம் போச்சே நானா" என்றேன்.

"மேல வந்தா போதுமா? வீட்டுக்கும் போகணுமில்லையா?"

சின்னத்துரை சிரித்தபடி வந்து, கைகுலுக்க வலக்கையை நீட்டினார். பொறுங்கள் என்று சைகை காட்டிய நானா, பொனட்டைத் திறந்து, வட்டத்தைக் கழற்றித் தன் உள்ளங்கையில் தட்டினார். செம்புழுதி குவிந்தது. நீட்டியபடியே இருந்த துரையின் கையை மெதுவாகப் பிடித்துத் திருப்பி, புழுதியில் பாதியை அதில் கொட்டினார்.