சல்லியில் நான் பிடித்த நாடி

பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொல்லித் தொடங்குகிறவர்கள் எல்லாரும் கடைசியில் ஒரு பேய்க் கதைதான் சொல்வார்கள் என்று எனக்கும் தெரியும். ஆகவே சிரிக்கிறதென்றால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், இடையில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். நான் திருகோணமலைப் பக்கத்தில் ஒரு மனநலப் பிரிவில் தாதியாக இருக்கிறேன், இங்கே எல்லாருக்கும் மிஸ்ஸி. பேய் இல்லை என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். மணிக்கட்டில் மந்திரித்த நூல், நெற்றி நிறையத் திருநீறு, வேப்பங்குழையால் பார்வை பார்த்த மணம்கூட மாறாமல் வந்து இறங்குகிற சனத்தை இருத்திவைத்து, "இது வருத்தம் அம்மா, இதுக்கு மருந்து இருக்கு" என்று தொண்டைத்தண்ணி வற்றச் சொல்லுகிறவள் நான்.

வருத்தம் என்று சொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறது, கண்டபடி சொல்லிவிட முடியாது. காய்ச்சல் கடுமையானாலும் ஆள் பிதற்றும், தைரொயிட் கூடினாலும் நித்திரையில்லாமல் அலையும், வயதுபோன ஆளுக்கு உடம்பில் உப்புக் குறைந்தால் பெற்ற பிள்ளையையே ஆரென்று கேட்கும். அதனால் முதலில் இரத்தம், சிறுநீர், தேவையென்றால் தலைக்கு ஸ்கேன். பிறகு இருந்து கதைக்க வேண்டும். நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி, குடி, போதைத் தூள் ஏதும் உண்டா, குடும்பத்தில் ஆருக்கும் இருந்ததா, கிட்டடியில் ஏதும் இழப்பு, பயம். இவ்வளவையும் கழித்துப் பார்த்த பிறகுதான் எங்கள் டொக்டர் ஒரு பெயர் சொல்வார், அதையும் உடனே சொல்லமாட்டார். நிதானமான மனுசன். எனக்கு அந்த நிதானம் கிடையாது, ஆனால் வேலையில் நான் பிழை விடுகிறவள் இல்லை.

சுகந்தியைக் கூட்டிக்கொண்டு வந்தது அவளுடைய அண்ணன். சல்லி என்கிற கரையோர ஊர் ஆட்கள், கடல் தொழில். அவளுடைய கணவர் யோகன் தனியாக வள்ளத்தில் போய், எஞ்சின் பழுதாகி, நாட்கணக்கில் கடலில் இழுபட்டுக் கிடந்திருக்கிறார். ஆள் முடிந்தது என்று வீட்டில் ஒப்பாரியே வைத்துவிட்டார்கள். பிறகு ஒரு பலநாள் படகுக்காரர் கண்டு ஏற்றிக்கொண்டு வந்து கரைசேர்க்க, ஊரே அம்மன் கோயிலில் தேங்காய் அடித்துக் கொண்டாடியிருக்கிறது. எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள், சுகந்தியைத் தவிர. அவள் அவரோடு ஒரு சோற்றுக் கோப்பையில் சாப்பிடவில்லை, ஒரு அறையில் படுக்கவில்லை. கடைசியில் ஒரு மத்தியானம், காலில் செருப்பும் இல்லாமல், ஆறு வயது மகள் கிருஷிகாவைத் தூக்கிக்கொண்டு சாம்பல்தீவு றோட்டால் ஓடியிருக்கிறாள். அண்ணன் பிள்ளையைத் தகப்பனிடம் விட்டுவிட்டு இவளை எங்களிடம் கொண்டுவந்தார்.

டொக்டர் கேட்டார்: "சுகந்தி, உங்கட மனுசன் இப்ப எங்க இருக்கிறார்?"

"கடலில."

"அப்ப வீட்டில இருக்கிறவர்?"

"அது மனுசன் இல்லை டொக்டர். என்ர பிள்ளையை அதிட்ட விட்டிட்டு வந்திருக்கினம், ஆராவது போய் எடுத்துக்கொண்டு வாங்கோ."

அவள் கத்தவில்லை. தலை தெளிவாகத்தான் இருந்தாள், நாள், கிழமை, இடம் எல்லாம் சரியாகச் சொன்னாள். இரத்தத்திலும் ஒன்றுமில்லை, ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் கணவனை மனுசன் என்றுதானே சொல்வது. கிளினிக்கில் நாள் முழுக்க அதைத்தான் கேட்பேன், மனுசன் குடிக்கிறார், மனுசன் அடிக்கிறார், மனுசன் வெளிநாடு போட்டார் என்று. ஆகவே அவள் சொன்னதை நாங்கள் இரண்டு பேரும் ஒரே மாதிரித்தான் விளங்கிக்கொண்டோம்.

பிறகு டொக்டர் எனக்குச் சொன்னார். இப்படி ஒரு வருத்தம் இருக்கிறதாம். முகத்தை அடையாளம் தெரியுமாம், ஆனால் அந்த முகத்தைக் கண்டதும் உள்ளுக்குள் வரவேண்டிய சொந்தம் வராதாம். அப்போது மூளை தானாக ஒரு கதை கட்டுமாம், இது அவர் இல்லை, அவரைப்போல ஒருவர் என்று. "அவ செத்தவீடு கொண்டாடி முடிச்ச ஆள் மிஸ்ஸி, உயிரோட வந்து நிக்கேக்க மனம் ஏற்கேல்லைப் போல" என்றார். எனக்கு அது நூற்றுக்கு நூறு சரியாகப் பட்டது. சுகந்தியை வாட்டில் மறித்துத் தங்கவைத்தோம். தகப்பனோடு பிள்ளை தனியாக இருக்கலாமா, இல்லை அண்ணன் வீட்டில் விடவேண்டுமா என்று பார்த்து வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள்.

நான் போனது பட்டப்பகலில். இதைக் கேட்கிற எல்லாரும் இருட்டா, மழையா என்று கேட்கிறார்கள். இல்லை ஐயா, காண்டாவன வெயில், மணலில் கால் வைக்க ஏலாது. ஓட்டோக்காரத் தம்பியை வேலிக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டுப் படலையைத் திறந்தேன். யோகன் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து மாமர நிழலில் போட்டு, "இருங்கோ மிஸ்ஸி" என்றார். நல்ல மரியாதையான ஆள். கிருஷிகா பக்கத்தில் மணலில் குந்தியிருந்து சிரட்டையில் சோறு கறி காய்ச்சிக்கொண்டிருந்தாள். தலை வாரி இழுத்திருந்தது, உடுப்பு சுத்தம், பிள்ளை வாடவில்லை. எனக்கு மனதுக்குள் அப்பாடா என்று இருந்தது.

கேள்விகளைத் தொடங்கினேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கடலில் என்ன நடந்தது என்று கேட்டேன்.

"எஞ்சின் நிண்டிட்டுது. காத்து இழுத்துக்கொண்டு போட்டுது. பிறகு வந்தனான்."

"பயமாக இருந்திருக்குமே?"

"எஞ்சின் நிண்டிட்டுது. காத்து இழுத்துக்கொண்டு போட்டுது. பிறகு வந்தனான்."

அதே சொற்கள், அதே ஏற்ற இறக்கம். நான் பயப்படவில்லை, சும்மா சொல்லவில்லை, இரக்கம்தான் வந்தது. பெரிய அதிர்ச்சியில் தப்பி வந்தவர்கள் இப்படி மரத்துப்போய் இருப்பதை நான் நிறையக் கண்டிருக்கிறேன். மனுசியைவிட இவருக்குத்தான் முதலில் வைத்தியம் பார்க்க வேண்டும்போல என்று நினைத்துக்கொண்டு, பிரஷர் பார்ப்போம் என்று பட்டியை எடுத்தேன்.

பட்டியைக் கட்டிக் காற்றடித்து இறக்கினேன். சத்தம் இல்லை. திரும்ப அடித்தேன். இல்லை. ஸ்டெதஸ்கோப்பை என் நெஞ்சில் வைத்துப் பார்த்தேன், டக் டக்கென்று ஒழுங்காகக் கேட்டது. சரி, என்று அவருடைய மணிக்கட்டைப் பிடித்தேன். அந்த வெயிலில் என் உடுப்பு முதுகோடு ஒட்டிக்கிடந்தது, அவருடைய கை குசினிச் சீமெந்துத் தரைபோலக் குளிர்ந்திருந்தது. விரலை மாற்றி மாற்றி வைத்தேன். நாடி இல்லை. இத்தனை வருஷ வேலையில் நாடி கிடைக்காத கையை நான் பிடித்ததில்லை என்று சொல்லமாட்டேன், பிடித்திருக்கிறேன், ஆனால் அந்த ஆட்கள் கதிரை தூக்கிக் கொண்டுவந்து போடுகிற ஆட்கள் இல்லை.

அப்போது கிருஷிகா, சிரட்டையில் இருந்து தலையைத் தூக்காமலே, "அப்பா, மூச்சு" என்றாள்.

செருப்பைப் போடுங்கோ என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். "ஓம் பிள்ளை" என்றார் அவர். அவருடைய நெஞ்சு எழும்பியது. அப்போதுதான், அதுவரைக்கும் அது எழும்பவே இல்லை என்பது எனக்கு உறைத்தது. என் விரலுக்குக் கீழே நாடி அடிக்கத் தொடங்கியது. நம்பினால் நம்புங்கள், விட்டால் விடுங்கள், அது என்னுடைய நாடி. என் காதுக்குள் என் நெஞ்சு படபடவென்று அடிக்க, அதே படபடப்பு அவருடைய மணிக்கட்டில் அடித்தது. பெருவிரலால் நாடி பிடித்தால் நம்முடைய துடிப்பே நமக்குப் படும், அதனால் அப்படிப் பிடிக்கக் கூடாது என்று தாதியருக்கு முதல் வருஷமே சொல்லித் தருவார்கள். நான் குனிந்து பார்த்தேன். பெருவிரல் படவில்லை.

கையை மெல்ல எடுத்தேன். பிறகு திரும்பப் பிரஷர் பார்த்தேன், ஏன் பார்த்தேன் என்று கேட்காதீர்கள், கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. அளவு சரியாக இருந்தது.

"மிஸ்ஸி, சுகந்தி என்ன சொல்லுறா?" என்று கேட்டார்.

வாயில் வந்ததைச் சொன்னேன். "நீங்கள் தன்ர மனுசன் இல்லையெண்டு சொல்லுறா. அது வருத்தம், மாறிவிடும்."

அவர் கையிலிருந்த பட்டியைத் தானே கழற்றி நீட்டினார். முகத்தில் கோபமும் இல்லை, கவலையும் இல்லை. பிறகு, ஒரு சின்னச் சந்தேகத்தைக் கேட்பதுபோலக் கேட்டார்: "தன்ர எண்டு சொன்னவவோ?"

அவள் சொல்லவில்லை. அந்தக் கதிரையில் இருந்தபடியே எனக்கு அவளுடைய குரல் திரும்பக் கேட்டது. அது மனுசன் இல்லை என்றாள். என்ர பிள்ளை என்றாள், என்ர மனுசன் என்று ஒருமுறையும் சொல்லவில்லை. 'என்ர' என்பதை நாங்களாகத்தான் சேர்த்துக்கொண்டோம், நானும் டொக்டரும், இவ்வளவு படித்த இரண்டு பேர்.

பிள்ளையைத் தாயிடம் காட்டவேண்டும் என்று சொல்லி எழும்பினேன். கிருஷிகாவின் கையைப் பிடிக்க, அவள் வரமாட்டேன் என்று முரண்டு பிடித்தாள்.

"நான் போனா அப்பாவுக்கு ஆர் சொல்லுறது?"

"போட்டு வா பிள்ளை" என்றார் அவர். "மிஸ்ஸி இருக்கிறாதானே."

அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, யோசிக்கவும் விருப்பமில்லை. பிள்ளையை அள்ளித் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் ஏறி, தம்பி எடு எடு என்று கத்தினேன். திரும்பிப் பார்க்கவில்லை. நேரே அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டேன்.

டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்திருந்தால்கூட நான் பொறுத்திருப்பேன். சிரிக்கவில்லை. கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, நோயாளிகளோடு கதைக்கிற அதே குரலில், "மிஸ்ஸி, இப்ப நித்திரை எப்பிடி?" என்றார். அடுத்த கேள்வி சாப்பாடு, அதற்கடுத்தது குடும்பம் என்று எனக்கு மனப்பாடம். மேசையின் இந்தப் பக்கத்தில் இருக்கும்போது அந்தக் கேள்விகள் எப்படிக் குத்தும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது, அவமானத்தில் அழுகை வந்துவிட்டது. பிறகு பொறுமையாக விளங்கப்படுத்தினார். பெரும் பயத்தைக் கண்டவர்கள் தம்மை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்களாம், அதைப் பிள்ளை கவனித்துச் சொல்லப் பழகியிருக்குமாம். கை குளிர்ந்தால் நாடி இலேசில் அகப்படாதாம். நோயாளியின் பயம் பக்கத்தில் இருக்கிற ஆளுக்கும் தொற்றுவது உண்டாம், அதற்கும் ஒரு பெயர் இருக்கிறதாம். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. யோகனைக் கிளினிக்குக்குக் கூப்பிட்டுத் தானே நாடி பிடித்தார். ஒரு குறையும் இல்லை. அண்ணன் கூட்டிக்கொண்டு வந்த கிருஷிகா தகப்பனின் மடியில் இருந்தாள்.

சுகந்திக்கு மருந்து பிடித்துக்கொண்டது. கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டாள், படுத்தாள். ஒருநாள் வாட் றவுண்டில், "அவர் மனுசன்தான் டொக்டர், எனக்குத்தான் தலை பிசகிப் போச்சு" என்றாள். டொக்டருடைய முகத்தில் வந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வீட்டுக்குப் போகிற அன்று, துணிப்பையைக் கட்டிக்கொண்டிருந்தவளிடம் ஆரும் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டேன்.

"சுகந்தி, அண்டைக்கு நீங்கள் மனுசன் இல்லை எண்டது, உங்கட மனுசன் இல்லை எண்டோ, இல்லாட்டி..."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நான் அப்பிடிச் சொல்லிக்கொண்டே இருந்தா, என்ர பிள்ளையை என்னட்டத் தருவியளோ மிஸ்ஸி?"

நான் மருந்துத் துண்டை எடுத்து அவளுடைய கையில் கொடுத்தேன். அவள் பையைத் தூக்கிக்கொண்டு போனாள், ஆஸ்பத்திரி வாசலில் மனுசனும் பிள்ளையும் நின்றார்கள், மூன்று பேரும் ஒரு ஓட்டோவில் ஏறிப் போனார்கள்.

அதன்பிறகு மாதம் ஒருமுறை கிளினிக்குக்கு ஒழுங்காக வருகிறாள். மருந்து தவறவிடுவதில்லை, கேட்டதற்கு அளவாகப் பதில் சொல்வாள், பழைய கலக்கம் ஒன்றும் இல்லை. எங்கள் இடத்தில் நல்லாகிப் போன ஆட்களுக்கு உதாரணம் சொல்வதென்றால் டொக்டர் அவளைத்தான் சொல்வார். போன கிளினிக்கில் பிரஷர் பார்க்க என் மேசைக்கு வந்து இருந்தாள், கிருஷிகாவும் கூட. பிள்ளை மெலிந்துபோய், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. பள்ளிக்கூடத்தில் பகலில் நித்திரை கொள்ளுகிறாளாம் என்று தாய் சொன்னாள். ஏன் பிள்ளை, இரவில் படுக்கிறதில்லையோ என்று கேட்டேன். அவள் எட்டி என் காதுக்குக் கிட்ட வந்து, ஆருக்கும் கேட்காமல் சொன்னாள்.

"படுக்க ஏலாது அன்ரி, படுத்தா மூச்சு ஆர் சொல்லுறது? இப்ப அம்மாவும் மறக்கிறா."

சுகந்தி கையை மேசையில் நீட்டியபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்து மேசைத் தாதிப் பிள்ளையைக் கூப்பிட்டு, நீ பார், எனக்கு வேலை இருக்கிறது என்று எழும்பி வெளியே போய், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தபோது அவர்கள் போய்விட்டார்கள். அளவு எழுதிக் கிடந்தது, மிகவும் சரியான அளவு. சுகந்தியின் கையைத் தொட்ட அந்தத் தாதிப் பிள்ளை இரண்டு கையையும் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டு, ஏசி கூடிப்போச்சோ மிஸ்ஸி என்று கேட்டது. எங்கள் கிளினிக்கில் ஏசி இல்லை.